ஒரு சாண் சீட்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சீட். எங்கள் மோட்டார் சைக்கிளின் நீளமான கறுப்பு சீட், துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது. அதில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. சரியாகச் சொன்னால், பின்பக்கம், கிழிசலை அம்மா சாக்கு ஊசியால் தைத்திருந்த இடத்துக்குச் சற்று முன்னால். அது நான் உட்காருகிற இடம்.

வண்டியைத் தேடினேன். மாட்டுக் கொட்டகையில் நின்றது. மாட்டை வேப்பமரத்துக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள். தன் இடத்தில் வேறொன்று நிற்பதை அது பார்த்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு சீட் இல்லை, இரண்டு மட்கார்டும் இல்லை, மூட்டை கட்டுகிற கேரியர் இல்லை. கறிக்கடையில் உரித்த ஆட்டுக்குத் தலையை மட்டும் விட்டுவைத்தது போல் இருந்தது. சித்தப்பா குந்தி உட்கார்ந்து, ஆக்சா பிளேடால் வண்டியின் பின்சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. சித்தப்பாவுக்கு முப்பத்தொன்று. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் ஏழு வருடம் வெல்டராக இருந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து ஜூன் மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். அடுத்த வேலைக்குக் காகிதம் வரும் என்றார். காகிதம் வருகிற வரைக்கும் சும்மா இருக்க அவர் கைக்குத் தெரியவில்லை. கொட்டகை மூலையில் இரண்டு வருடமாகத் துருவேறிக் கிடந்த அப்பாவின் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை இரண்டே வாரத்தில் ஓட வைத்தார். அந்த வண்டி என்னைவிடப் பத்து வயது மூத்தது. யூரியா மூட்டை, முடி முடியாகக் கட்டிய நாற்று, பால் கேன், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஆடு, கால் முறிந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று அது ஏற்றாத பாரம் இல்லை. ஜூனிலிருந்து அது என்னை ஏற்றியது. எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, சாலியமங்கலத்தில் என் பள்ளிக்கூடம். மற்ற பிள்ளைகள் நடந்தார்கள், அல்லது டவுன் பஸ்ஸில் தொங்கினார்கள். நான் சித்தப்பாவின் பின்னால் போய் இறங்கினேன். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நடந்த பிறகுதான் கோழி என் இடத்தில் உட்கார்ந்தது.

காலைச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார்.

"எதுக்குடா அறுக்குற?"

சித்தப்பா செல்போனில் இறக்கி வைத்திருந்த ஒரு வீடியோவைக் காட்டினார். குள்ளமான, ஒல்லியான ஒரு வண்டி. கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. சீட் ஒரு ஆளுக்கு மட்டும். பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு. ஓட்டுகிறவன் டேங்க் மேல் கவிழ்ந்து படுத்திருந்தான்.

"கஃபே ரேசர்ணே. வெளிநாட்டுல அந்தக் காலத்துப் பசங்க ஒரு டீக்கடையிலேருந்து இன்னொரு டீக்கடைக்கு ரேஸ் விடுவாங்க. அதுக்குன்னு வண்டிய இப்படி மாத்துவாங்க."

"டீ குடிக்கப் போறதுக்கா இவ்வளவு அவசரம்?"

"குடிச்சிட்டுத் திரும்பி வர்றதும் சேத்துதாண்ணே."

அப்பா இரண்டு வாய் இட்லி சாப்பிடுகிற நேரம் யோசித்தார். "யூரியா மூட்டைய எங்க வைக்கிறது?"

"மொபெட்ல வைங்க."

"பால் கேன் தம்பி?" என்றார் அம்மா.

"அதுவும் மொபெட்லதான் அண்ணி."

"நான்?" என்றேன்.

மற்ற இரண்டு கேள்விக்கும் சித்தப்பா யோசிக்கவில்லை. இதற்கு யோசித்தார். "நீ டேங்க் மேல உக்காந்துக்க" என்றார். நான் கடைசியாக டேங்க் மேல் உட்கார்ந்தது நான்கு வயதில். பதினோரு வயதில் அப்படிப் போய் இறங்கினால் வகுப்பில் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று பெயர்கள் உடனே கிடைத்தன. மறுநாளிலிருந்து நடந்து போனேன்.

வேலை ஆறு வாரம் நடந்தது. அறுத்த சட்டத்தை வளைவாக மூடி வெல்டிங் வைத்தார். அதற்காக ஒரு வெல்டிங் மெஷினை எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்தார். அது ஓடும்போதெல்லாம் வீட்டில் விளக்கு மங்கியது. கைப்பிடிக்கான குழாயை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினார். முழங்கால் பதிவதற்காக டேங்கின் இரண்டு பக்கமும் தட்டிக் குழி விட்டார். திமிலுக்குத்தான் நாள் பிடித்தது. தகரத்தை எப்படித் தட்டினாலும் அந்த உருண்டை வரவில்லை. ஒரு வியாழக்கிழமை அந்த உருண்டை வந்துவிட்டது. அதே வியாழக்கிழமை எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரையின் மூடியைக் காணவில்லை. அம்மா மூன்று நாள் தேடினார். நான்காம் நாள் கொட்டகைக்குச் சாணி அள்ளப் போனவர், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, பிடியாவது கழட்டிக் குடுத்திருக்கலாம்ல" என்றார்.

சித்தப்பா பிடியைக் கொடுத்தார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம் அது. நடவுக்குப் போகிற பெண்கள் எங்கள் கொல்லை வழியாகத்தான் போவார்கள். ஓட்டுகிற நிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க சித்தப்பா நின்ற வண்டியில் ஏறிக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவர்களில் மூத்தவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு குனியறதுன்னா வயல்ல வந்து குனியலாமே தம்பி. நாலு முடி நாத்தாவது நட்ருக்கலாம்." அன்றிலிருந்து அவர்கள் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இன்னிக்கு எத்தனை முடி ஆச்சு?" என்று கேட்பார். சித்தப்பா ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எண் சொன்னார்.

இதே ஆறு வாரத்தில்தான் அவருக்குப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். பேராவூரணியில் வாழ்க்கைப்பட்டவர். அதுவரை நான்கு இடம் தட்டிப் போயிருந்தது. நான்கு இடத்திலும் ஒரே கேள்வி: மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறார்? ஐந்தாவதாக ஒரு போட்டோ வந்தது. அத்தை தபாலில் அனுப்பியிருந்தார். நான்தான் அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். சித்தப்பாவின் கை முழுக்க கிரீஸ். என்னையே பிடித்துக் காட்டச் சொன்னார். வெளிச்சத்தில் காட்டு என்றார். இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தில் என்றார். எனக்குக் கை வலித்தது. பிறகு டூல் பாக்ஸைத் திறந்து, பத்து-பன்னிரண்டு அளவு ஸ்பேனருக்கு அடியில் வைக்கச் சொன்னார். அதன் பிறகு அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த ஸ்பேனரை எடுத்தார் என்று நான் கவனித்தேன். வண்டியில் அந்த அளவில் அத்தனை நட்டு இல்லை. ஈரம் படாமல் இருக்க ஸ்பேனருக்கு அடியில் அட்டை போடுவார்கள். போட்டோ அதற்குத்தான் என்று நினைத்தேன்.

இடையில் அத்தை போனில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார், சின்னவன் இப்போது என்ன செய்கிறான் என்று. எங்கள் ஊரில் சிக்னல் ஆற்றங்கரை மேட்டில்தான் கிடைக்கும். அம்மா மேட்டில் ஏறி நின்று, "தம்பி வீட்லயே கஃபே ஏதோ பண்ணிக்கிட்டிருக்காங்க அண்ணி" என்றார். பொய் இல்லை. ரேசர் என்ற இரண்டாவது வார்த்தை அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. வருவதற்குள் லைன் போய்விட்டது.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. திருச்சி ரோட்டிலும் கும்பகோணம் ரோட்டிலும் பித்தளை டபராவை அடுக்கிவைத்துக்கொண்டு காப்பிக் கடைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். சிங்கப்பூர் போய் வந்தவன், கஃபே போடுகிறான். அத்தை அதைப் பெண் வீட்டில் சொன்னார். அவர்கள் சந்தோஷப்பட்டு, வீடு பார்க்க வருகிறோம் என்று நாள் சொன்னார்கள். கஃபேயையும் பார்த்துவிடலாம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. முந்தின நாள் முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. அத்தை பேராவூரணியில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து, பத்தரைக்கே வந்துவிட்டார். வந்ததும் கொல்லைப் பக்கம் போய் நின்றார்.

"கடை எங்கடா?"

"எந்தக் கடை அக்கா?"

"கஃபே கஃபேன்னியாமே."

சித்தப்பா வண்டியைக் காட்டினார். அத்தை வண்டியைப் பார்த்தார். பிறகு துவைக்கிற கல்லில் கிடந்த பழைய சீட்டின் மேல் உட்கார்ந்தார். கோழி இறங்கி இடம் கொடுத்தது. மேட்டில் ஏறிப் பெண் வீட்டாருக்குப் போன் போட்டால், கார் ஒரத்தநாடு தாண்டிவிட்டது என்று சொன்னார்கள்.

அத்தை எழுந்து காரியத்தில் இறங்கினார். வண்டி மேல் தார்ப்பாய் போடப்பட்டது. மாடு திரும்பக் கொண்டுவரப்பட்டு அதற்கு முன்னால் கட்டப்பட்டது. கஃபே பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது. அவர்கள் எடுத்தால் மழையைப் பற்றிப் பேச வேண்டும். கடைசியாக என்னைத் தனியாக அழைத்தார்.

"ஞாயிறு பள்ளிக்குப் போற பிள்ள நீ. பொய் சொல்லக் கூடாது. கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதுவும் சொல்லாத."

நான் அப்படியே செய்தேன்.

பதினொன்று இருபதுக்கு வந்தார்கள். ஐந்து பேர். அதில் மூன்று பேர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. பேசியவர்கள் பெண்ணின் அப்பாவும் அம்மாவும்தான். அப்பா தென்னந்தோப்புக்காரர். அகலமான உடம்பு, சலவை வெள்ளை வேட்டி, சலவை வெள்ளைச் சட்டை. அம்மா ஒல்லி. வீட்டுக்குள் நுழையும்போதே அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு நுழைந்தவர். சித்தப்பாவும் வெள்ளைச் சட்டையில் இருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக இருந்தது. கையை மடியில் மறைத்து வைத்திருந்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். தென்னைக்கு வந்திருக்கிற பூச்சியைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக யார் சொந்தம் என்று தேடி, தரங்கம்பாடியில் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். அவர் இறந்துபோயிருந்தார். நான் முறுக்குத் தட்டை நீட்டினேன். பெண்ணின் அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, கஃபே எங்க வருது?"

அத்தை, "போன வாரம்கூட இங்க நல்ல மழை" என்றார்.

"மாட்டுக் கொட்டாயில" என்றேன்.

"அங்கயா? அப்ப மாடு?"

"வேப்பமரத்துல கட்டிருவோம்."

அவர் சம்மதமாகத் தலையாட்டினார். "எத்தன பேர் உக்காரலாம்?"

"ஒருத்தர்தான்."

"ஒருத்தரா?"

"அதுவும் குனிஞ்சுதான் உக்காரணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். "சாமானெல்லாம் வாங்கியாச்சா கண்ணு?"

"கொஞ்சம் வாங்கினாங்க. இட்லிக் கொப்பரை மூடி மட்டும் எங்க வீட்டோடது."

"எப்ப தொறப்பு?"

"ஐயர் வந்து ஜெபம் பண்ணதும்." எங்கள் லுத்தரன் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர்களும் அதே சபை என்பதால் இந்த ஒரு பதில் மட்டும் அவர்களுக்கு முழுக்கப் புரிந்தது. "ஆனா இன்னும் பொகை வருது. அத சரி பண்ணணும்னாங்க."

ஆக, ஆறு பதில். அவற்றில் ஒன்றைக்கூட இன்றுவரை நான் திருத்த வேண்டி வந்ததில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபமா மயக்கமா என்று தெரியவில்லை.

பெண்ணின் அப்பா முறுக்கை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, பாத்துருவோம்."

எல்லோரும் கொல்லைக்குப் போனோம். மாட்டை அவரே ஒதுக்கினார். தார்ப்பாயை அவரே தூக்கினார். டேங்குக்கு அடர்ந்த பச்சை நிறம் அடித்திருந்தது. எல்லாம் சேர்ந்து அது ஒரு பெரிய வெட்டுக்கிளி போல, தாவத் தயாராக நின்றது. பெண்ணின் அம்மா குனிந்து பின்பக்கத்தைப் பார்த்து, "இது கொப்பரை மூடியேதான்" என்றார்.

அப்போதுதான் சித்தப்பா பேசத் தொடங்கினார். அவர்கள் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. வெளிநாட்டுப் பசங்கள், டீக்கடை, ரேஸ், சட்டத்தை எங்கே அறுக்க வேண்டும், ஏன் அறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நகக்கண் தெரிவதை மறந்து கையை ஆட்டிப் பேசினார். பெண்ணின் அப்பா அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. வெல்டிங் வைத்த இடத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இது யார் வச்சது?"

"நாந்தாங்க."

"ம்" என்றார். இன்ஜினைக் குனிந்து பார்த்தார். "இது அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக்ல்ல? எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. ஓடுதா?"

"ஓடுங்க."

அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. புகையில் மாடு தெரியவில்லை. புகை கலைந்தபோது அவரும் தெரியவில்லை. வாய்க்கால் கரையில் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஐந்து.

"பிரேக் இருக்குல்ல தம்பி?" என்று கேட்டார் அவர் மனைவி.

"முன்னாடி இருக்குங்க."

பன்னிரண்டு இருபதுக்கு அப்பா வாய்க்கால் மதகு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பன்னிரண்டு முப்பதுக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு தேடப் போனார். வாய் திறக்காத மூன்று பேரும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். அத்தை துவைக்கிற கல்லுக்கே திரும்பிப் போய்விட்டார். சித்தப்பா மட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஐம்பதுக்குச் சத்தம் கேட்டது. "தேர்டு கியர்" என்றார் சித்தப்பா. "இப்ப செகண்டு."

பெண்ணின் அப்பா வந்து இறங்கினார். முன்பக்கம் போனபடியே வெள்ளையாக இருந்தார். திரும்பியபோதுதான் பார்த்தோம். பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லை என்று முன்பே சொன்னேன். நவம்பர் மாதம் என்றும் சொன்னேன். இடுப்பில் ஆரம்பித்து, முதுகின் நடுவில் ஒரே கோடாக ஏறி, உச்சந்தலை வரைக்கும் வண்டல் மண் அடித்திருந்தது. கோடு நேராக இருந்தது. வண்டி எங்கும் கோணாமல் ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

"எங்கங்க போனீங்க?"

"சாலியமங்கலம் வரைக்கும். கடைத்தெருவுல டீ நல்லா இருக்கு" என்றார். பிறகு சித்தப்பாவிடம், "நல்லா இழுக்குது" என்றார்.

ஆறு வாரமாக சித்தப்பா கட்டிய அந்த வண்டியில் டீக்கடைக்குப் போய், டீ குடித்து, வேகமாகத் திரும்பி வந்த முதல் ஆள் அவர்தான். சித்தப்பாவே அதுவரை வாய்க்கால் மதகைத் தாண்டியதில்லை.

அவர் மனைவி அந்த மண் கோட்டைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். கொப்பரை மூடியைப் பார்த்தார். மூடிக்குப் பின்னால் வண்டியே இல்லை என்பதையும் பார்த்தார்.

"பொண்ணு எங்க உக்காரும்?"

யூரியா மூட்டைக்கு மொபெட் இருந்தது. பால் கேனுக்கு மொபெட் இருந்தது. எனக்கு டேங்க் இருந்தது. சித்தப்பா டூல் பாக்ஸ் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

பெண்ணின் அப்பா பம்புக் குழாயில் தலையைக் கழுவிவிட்டு வந்தார். சீட்டின் முடிவில் கையை வைத்து, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரைக்கும் விரித்துக் காட்டினார். பெரிய கை. "ஒரு சாண் நீட்டுங்க தம்பி. மட்கார்டும் போட்டுருங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க, மத்தத பேசிக்கலாம்." சாப்பிட்டார்கள். அப்பாவின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் காரில் ஏறினார். அது அவருக்குப் பொத்தான் போட வரவில்லை.

அடுத்த ஒன்பது நாள் சித்தப்பா வண்டியைத் தொடவில்லை. வயல் வேலைக்குப் போனார், வந்தார். சாயங்காலத்தில் ஆற்றங்கரை மேட்டில் உட்கார்ந்து செல்போனில் வீடியோக்களைத் தேடினார். என்னிடமும் காட்டினார். நூறு வண்டிகளாவது பார்த்திருப்போம். ஒன்றில்கூடப் பின்னால் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. மட்கார்டும் இல்லை.

"ஒரு சாண் நீட்டினா அது கஃபே ரேசரே கிடையாதுணே" என்றார் அப்பாவிடம்.

அப்பாவும் செல்போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாப் பயலும் கல்யாணம் ஆகாதவனுங்க போலருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் காலை, வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அறுத்துப் போட்ட பழைய சட்டத் துண்டுகளை சித்தப்பா எடுத்து வந்தார். அவற்றை அவர் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். வெல்டிங் மெஷின் ஓடி, வீட்டில் விளக்கு மங்கியது. கொப்பரை மூடி கழற்றப்பட்டு, இரண்டு போல்ட் ஓட்டைகளோடு அம்மாவிடம் வந்து சேர்ந்தது. மதியம் என்னைக் கூப்பிட்டார். நீட்டிய சட்டத்தின் மேல் ஒரு பலகை கட்டியிருந்தது.

"ஏறி உக்காரு."

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதிலும் ஏறியதில்லை.

"அப்படி இல்ல. ரெண்டு காலையும் இந்தப் பக்கம் போட்டு, ஒருக்களிச்சு உக்காரு."

"நான் ரெண்டு பக்கமும் போட்டுத்தானே உக்காருவேன்?"

"பரவால்ல, உக்காரு. கொஞ்சம் பெரிய ஆள் மாதிரி உக்காரு."

முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்தேன். என் பாதம் இருந்த இடத்துக்கு நான்கு விரற்கடை கீழே சாக்பீஸால் கோடு போட்டார். நான் வளர்வேன் என்று கணக்கு வைத்துப் போடுகிறார் என்று புரிந்துகொண்டேன். அந்தக் கோட்டில் இரண்டு காலும் வைக்கிற மாதிரி அகலமாக ஒரு ஃபுட்ரெஸ்ட் வந்தது. பிடித்துக்கொள்ள ஒரு வளையம் வந்தது. மூன்றாம் நாள் பின்சக்கரத்தின் இடது பக்கத்தில் ஒரு கம்பி வலை வந்தது.

"இது எதுக்கு சித்தப்பா?"

"துணி சக்கரத்துல மாட்டாம இருக்க."

என் பள்ளிக்கூடப் பாவாடை முழங்காலோடு நின்றுவிடும். சக்கரத்தை எட்ட வழியே இல்லை. ஆனாலும் அவர் அவ்வளவு தூரம் யோசித்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா எனக்காக வண்டியை அறுத்து நீட்டியிருக்கிறார் என்று வகுப்பில் ஒன்பது பேரிடம் சொன்னேன். கும்பகோணம் ரோட்டுக் குஷன் கடையிலிருந்து புது சீட் வந்தது. கரும்பழுப்பு ரெக்ஸினில் குறுக்கே தையல் போட்டது. ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் "இதில் பிரயாணப்படுகிற இருவரையும்" என்றார். நான் ஆமென் சொன்னேன்.

டிசம்பர் முதல் நாளிலிருந்து மறுபடியும் அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போனேன். கற்றுக்கொடுத்தபடியே, இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு, வளையத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆள் மாதிரி. வாய்க்கால் கரையில் மட்கார்டுக்கு அடியில் சேறு தட்டுகிற சத்தம் கேட்கும். என் முதுகில் ஒரு பொட்டு விழாது. சித்தப்பா அந்த மாதமே சாலியமங்கலத்துக்குப் பக்கத்தில் அறுவடை மெஷின்களைப் பழுது பார்க்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சிங்கப்பூர்க் காகிதத்தைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிருந்தது. பேராவூரணிக்கும் எங்கள் ஊருக்கும் ஆட்கள் இரண்டு தடவை போய் வந்தார்கள். ஜனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். சம்பா அறுப்பு முடிந்த வாரத்தில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பூ சுற்றிய காரில் போனார்கள். அதனால் சீட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இனி அவர்களுக்குக் கார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கொல்லைக்கு வந்தேன். சித்தப்பா வண்டியை உதைத்துக் கிளப்பி வைத்திருந்தார். சித்தி வந்தார். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் லேபில் அவருக்கு வேலை. சாலியமங்கலத்தில் ரயில் பிடிக்க வேண்டும். நீல நிறப் புடவை கட்டியிருந்தார். இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு ஏறி உட்கார்ந்தார். பாதம் சாக்பீஸ் கோடு இருந்த இடத்தில் சரியாகப் போய் நின்றது. கொசுவம் கம்பி வலை மேல் படிந்தது.

"நீ எப்படிம்மா போவ?" என்று சித்தி கேட்டார். தனக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று திரும்பியும் பார்த்தார்.

நான் உள்ளே போய் அம்மாவிடம் டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அம்மா இட்லி வைத்துக்கொண்டிருந்தார். மூடியின் இரண்டு ஓட்டைகளிலும் ஆவி வந்துகொண்டிருந்தது.

எட்டு இருபதுக்கு.